அறுந்த நூலும் அடைத்த கதவும்: தைஷோவின் பதினான்கு ஆண்டுகள்

சேலம்–கோவை நெடுஞ்சாலையிலிருந்து குமாரபாளையத்துக்குள் திரும்பினால் ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். தறிச் சத்தம். பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று அது ஓய்வதே இல்லை. தறிப்பட்டறையை ஒட்டிய வீட்டுக் குழந்தைகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்குகின்றன. கரண்ட் போனால் விழித்துக்கொள்கின்றன. காவிரிக்கு அக்கரையில் பவானி, அதன் ஜமக்காளம். இக்கரையில் லுங்கி, துண்டு, சேலை. பட்டறை இருக்கும் தெருவில் நூல் வியாபாரி யாராவது வந்திருந்தால் ஒரு இன்னோவாவும் நிற்கும்.

அந்தக் காருக்கும் உள்ளே ஓடும் தறிக்கும் ரத்த உறவு உண்டு. டொயோட்டா கார் கம்பெனி ஒரு தறிக் கம்பெனியிலிருந்து பிரிந்து வந்த பிள்ளை. தாய்க் கம்பெனியான டொயோடா தானியங்கித் தறித் தொழிற்சாலை 1926 நவம்பர் 18 அன்று தொடங்கப்பட்டது. ஐந்து வாரம் கழித்து, டிசம்பர் 25 அன்று, ஜப்பானின் பேரரசர் யோஷிஹிதோ 47 வயதில் இறந்தார். அவர் ஆட்சியோடு ஓடிய தைஷோ காலமும் அன்றோடு முடிந்தது. 2026 டிசம்பர் 25 வந்தால் அதற்கு நூறு வருஷம்.

ஜப்பானில் பேரரசர் மாறினால் ஆண்டுக் கணக்கே மாறிவிடும். 1912 ஜூலை 30 அன்று மெய்ஜி பேரரசர் இறந்ததும், மெய்ஜி 45 என்று ஓடிக்கொண்டிருந்த வருஷம் அன்றைக்கே தைஷோ 1 ஆனது. நம் பஞ்சாங்கத்தில் பரிதாபி வருஷம். முடிந்தது அட்சய வருஷத்தில். மொத்தம் பதினான்கு வருஷமும் ஐந்து மாதமும். முந்தைய மெய்ஜி 44 வருஷத்துக்கு மேல் ஓடியது, அடுத்து வந்த ஷோவா 62 வருஷம். இரண்டு பெரிய காலங்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டதால் தைஷோவைப் பள்ளிப் பாடங்கள் அவசரமாகக் கடந்துபோகும். பேரரசரும் நோயாளி. குழந்தையாக இருந்தபோதே மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவர். கடைசி ஐந்து வருஷம் பெயருக்குத்தான் அவர் ஆட்சி. 1921 நவம்பரிலிருந்து அரச பொறுப்புகளை 20 வயது மகன் ஹிரோஹிதோ கவனித்தார். பின்னாளில் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பேரரசர் ஆனவர் அவர்தான்.

ஆனால் தறி ஓட்டும் ஊரிலிருந்து பார்த்தால் தைஷோ சின்னக் காலமாகத் தெரியாது. நூல், துணி, தறி, ஆலைப் பெண்களின் இரவு வேலை, விடுதி என்று இன்று குமாரபாளையம், பள்ளிபாளையம், ஈரோடு வட்டாரத்தில் பேசப்படும் அத்தனையும் அந்தப் பதினான்கு வருஷத்தில் ஜப்பானில் ஒரு சுற்று பேசி முடிக்கப்பட்டவை.

அரிசிக்காக ஒரு கலகம்

தைஷோ என்றதும் வரலாற்று நூல்கள் ‘தைஷோ ஜனநாயகம்’ என்று எழுதும். அதில் பாதி உண்மை. 1913 பிப்ரவரியில் மக்கள் எதிர்ப்பு தாங்காமல் பிரதமர் கத்சுரா தாரோ பதவி விலகினார். மூத்த தலைவர்கள் மூடிய அறைக்குள் பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்துக்கு விழுந்த முதல் அடி அது. பெரிய அடி 1918 கோடையில் விழுந்தது. முதல் உலகப் போரால் அரிசி விலை தாறுமாறாக ஏறியிருந்தது. தொயாமா மாகாணத்தின் மீனவக் குடும்பத்துப் பெண்கள், ஊர் அரிசியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்று துறையில் கூடினார்கள். சில வாரங்களில் கலகம் நாடு முழுக்கப் பரவியது. ராணுவம் இறங்கியது, மந்திரிசபை கவிழ்ந்தது. பிரபுப் பட்டம் இல்லாத ஹரா தகாஷி பிரதமரானார்.

அதே 1918 செப்டம்பரில் சென்னையிலும் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. சென்னை மாகாணத்தின் பல ஊர்ச் சந்தைகளில் அந்த வருஷம் இதுவே நடந்தது. போர் அதேதான், விலையேற்றமும் அதேதான். அங்கே ஆட்சி மாறியது. இங்கே ஆட்சி வெள்ளைக்காரனுடையது என்பதால் போலீஸ் வந்ததோடு சரி.

இன்னொரு ஜோடியும் உண்டு. தைஷோ பிறந்து இரண்டே நாளில், 1912 ஆகஸ்ட் 1 அன்று, சுசுகி பூஞ்சி என்பவர் தோக்கியோவில் யூவாய்காய் என்ற தொழிலாளர் அமைப்பைப் பதினைந்து பேரோடு தொடங்கினார். ஜப்பானின் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பாக அது வளர்ந்தது. 1918 ஏப்ரல் 27 அன்று, பெரம்பூர் பக்கிங்காம்–கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகப் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஜப்பான் கணக்கில் அது தைஷோ 7.

பெண்களின் ஓட்டுரிமையில் நம் பக்கமே முந்தியது. சொத்துத் தகுதி இருந்தால் பெண்ணும் ஓட்டுப் போடலாம் என்று சென்னைச் சட்டசபை 1921இல் தீர்மானித்தது. இந்திய மாகாணங்களில் அதுவே முதல். ஜப்பானிலோ பெண்கள் அரசியல் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்பதற்கே 1922 வரை தடை. 1925இல் 25 வயதான ஆண்கள் அனைவருக்கும் ஓட்டுரிமை வந்து, வாக்காளர் எண்ணிக்கை சுமார் 30 லட்சத்திலிருந்து 1 கோடியே 20 லட்சத்துக்குத் தாவியது. அந்த 1 கோடியே 20 லட்சத்தில் ஒரு பெண் கிடையாது. அதே வருஷம் ‘அமைதிக் காப்புச் சட்டம்’ என்ற பெயரில் சோஷலிஸ்ட்களையும் கம்யூனிஸ்ட்களையும் பிடித்து உள்ளே போட வழி செய்த சட்டமும் நிறைவேறியது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொண்டார்கள். அதனால்தான் பாதி உண்மை.

1923 செப்டம்பர் 1 அன்று, நண்பகலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது, கான்டோ நிலநடுக்கம். மதியச் சமையலுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம். தோக்கியோவும் யோகோஹாமாவும் தீயில் கருகின. ஒரு லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று யாரோ கட்டிவிட்ட வதந்தியை நம்பி, ஊர்க்காவல் கும்பல்கள் ஆயிரக்கணக்கான கொரியர்களை வெட்டிக் கொன்றன. ‘ஜனநாயக’ காலத்தைப் புகழ்கிறவர்கள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வது வழக்கம்.

எம்டனுக்குப் பின்னால் வந்த துணி

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளின் மேல் குண்டு போட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனைத் தமிழர்கள் மறக்கவில்லை. அதைத் தேடியவர்களில் ஜப்பானியரும் உண்டு என்பதைத்தான் மறந்துவிட்டோம். ஜப்பான் அப்போது பிரிட்டனின் கூட்டாளி. நவம்பர் 9 அன்று கோக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் எம்டனை அடித்து முடக்கியபோது, பக்கத்திலேயே படைக் கப்பல்களுக்குக் காவலாக வந்துகொண்டிருந்தது இபுகி என்ற ஜப்பானியப் போர்க்கப்பல். மறு வருஷம் பிப்ரவரியில் சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தபோது, அதை அடக்க ஜப்பானியக் கடற்படை வீரர்களும் கரையிறங்கினார்கள்.

போர்க்கப்பலைவிட வேகமாக வந்து சேர்ந்தது வியாபாரக் கப்பல். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் போர் வேலையில் மாட்டிக்கொண்டதும் இந்தியச் சந்தையில் ஓர் இடம் காலியானது. 1913–14இல் இந்தியா இறக்குமதி செய்த பருத்தித் துணியில் ஜப்பானின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 1918–19இல் அது ஐந்தில் ஒரு பங்கு. துணியோடு நூலும் வந்தது. ஆலை நூலை வாங்கிக் கைத்தறியில் நெய்துகொண்டிருந்த தமிழ்நாட்டு நெசவாளிக்கு நூல் விலைதான் வாழ்வும் சாவும். அந்த விலையில் ஒசாகா ஆலைகளுக்கும் அப்போதிருந்து ஒரு கை உண்டு.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஆலைகளில் ஓடிய பஞ்சில் பெரும்பங்கு இந்தியப் பஞ்சு. ஜப்பானியப் பருத்தி வணிக நிறுவனங்கள் இங்கே கிளை வைத்துப் பஞ்சு பிடித்தன. நம் பஞ்சு கடல் கடந்து போய் நூலாகவும் துணியாகவும் திரும்பி வந்து நம் நெசவாளியோடு போட்டி போட்டது.

தீப்பெட்டியிலும் இதே கதைதான், ஆனால் முடிவு வேறு. அந்நாளில் இந்தியாவுக்கு வந்த தீப்பெட்டிகளில் பெரும்பாலானவை ஜப்பானுடையவை. 1922இல் இந்திய அரசு இறக்குமதித் தீப்பெட்டிக்குக் கடும் வரி போட்டது. ஜப்பான் பெட்டிக்கு இருந்த மவுசு குறைந்தது. அந்த வருஷமே கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுவந்த சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் ஊரில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். தைஷோவால் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த லாபம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் சிவகாசியைக் காட்டலாம்.

பூட்டிய விடுதி

ஜப்பான் துணி ஏன் அவ்வளவு மலிவு? பதில் ஆலையின் பின்கட்டில் இருந்தது.

1883இல் ஒசாகா நூற்பாலை இரவு ஷிப்டைத் தொடங்கியது. மற்ற ஆலைகளும் அதே வழியில் போயின. ஒரே இயந்திரத்தை இருபத்து நாலு மணி நேரமும் ஓட்டினால் முதலீடு பாதி விலைக்குக் கிடைத்த மாதிரி. ஓட்டியவர்கள் கிராமத்துச் சிறுமிகள். ஆலைத் தொழிலாளர்களில் பெரும்பான்மை அவர்களே. ஆள்பிடிப்பவர் மலைக் கிராமத்துக்குப் போவார். ஆலை விடுதியில் நல்ல சாப்பாடு, படிப்பு, தையல் எல்லாம் உண்டு என்பார். பெற்றோர் கையில் முன்பணம் வைப்பார். ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்குவார். பெண் வந்து சேர்ந்த பிறகு பன்னிரண்டு மணி நேர வேலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. பகல் ஷிப்ட் பெண் எழுந்த படுக்கையில் இரவு ஷிப்ட் பெண் படுப்பாள். விடுதியைச் சுற்றி மதில். கடிதங்களைப் பிரித்துப் படிப்பார்கள். வெளியே போக அனுமதிச் சீட்டு.

1913இல், தைஷோ 2இல், இஷிஹாரா ஓசாமு என்ற மருத்துவர் ஆலைப் பெண்களையும் காசநோயையும் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டார். நோய் முற்றியதும் ஆலைகள் பெண்களை ஊருக்கு அனுப்பிவிடுகின்றன. அவர்கள் ஊரில் போய்ச் சாகிறார்கள், கூடவே கிராமத்துக்கும் காசநோயைக் கொண்டுபோகிறார்கள் என்று கணக்கோடு காட்டினார். ஆலையின் ஏட்டில் அந்தச் சாவுகள் இருக்காது. சொந்த ஊரின் ஏட்டில்தான் இருக்கும்.

சட்டம் வந்தது, வழக்கம்போல நொண்டிக்கொண்டு. தொழிற்சாலைச் சட்டம் நிறைவேறியது 1911இல். அமலுக்கு வந்தது 1916இல். அதிலும் பெண்களின் இரவு வேலையைத் தடுக்கும் பிரிவை மட்டும் முதலாளிகள் பதினைந்து வருஷம் தள்ளி வைக்கச் செய்தார்கள். 1923இல் சட்டத்தைத் திருத்தி அந்தத் தவணையைக் குறைத்தார்கள். கடைசியில் இரவு வேலைத் தடை நடைமுறைக்கு வந்தது 1929 ஜூலையில். பேரரசர் இறந்து இரண்டரை வருஷம் ஆகிவிட்டிருந்தது.

இந்தக் கதையை உள்ளிருந்து எழுதியவர் ஹோசோய் வாகிசோ. சிறுவயதிலிருந்தே தறியில் நின்றவர். மனைவியும் ஆலைத் தொழிலாளி. ஆலைப் பெண்களின் துயர வரலாறு என்ற பொருள்படும் ‘ஜோகோ ஐஷி’ 1925 ஜூலையில் புத்தகமாக வந்தது. ஆள்பிடிப்பு, அபராதம், விடுதிச் சாப்பாடு, பெண்கள் பாடிய பாட்டு வரை எதையும் விடவில்லை. அடுத்த மாதம் ஹோசோய் இறந்துபோனார். வயது 28.

நிற்கத் தெரிந்த தறி

அதே வருஷங்களில் மறுபக்கம் ஒரு தச்சர் மகன் தறியைத் திருத்திக்கொண்டிருந்தார். சாகிச்சி டொயோடா, 1867இல் இன்றைய ஷிசுவோகா மாகாணத்தில் பிறந்தவர். வீட்டுப் பெண்கள் கைத்தறியில் படும் பாட்டைப் பார்த்து முதலில் மரத்தறியைச் சீர்செய்து காப்புரிமை வாங்கினார். பிறகு நீராவியில் ஓடும் தறி. அவர் விடாமல் துரத்திய யோசனை ஒன்றுதான்: நூல் அறுந்தால் தறி தானே நிற்க வேண்டும்.

நிற்காவிட்டால் என்ன நடக்கும் என்பது குமாரபாளையத்தில் தறி ஓட்டும் யாருக்கும் தெரியும். நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஒன்று அறுந்து, ஓட்டுபவர் கவனிப்பதற்குள் தறி ஓடிக்கொண்டே இருந்தால் துணியில் நெடுகக் கோடு விழும். அந்தத் துணி செகண்ட்ஸ். கூலியில் பிடித்துக்கொள்வார்கள். தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) தீர்ந்தால் தறியை நிறுத்தி, அதைச் சுமந்து ஓடும் நாடாவை எடுத்து, புதுத் தார் போட்டு ஓட்ட வேண்டும். அதனால்தான் ஒருவர் நாலு தறி, ஆறு தறிக்கு மேல் பார்ப்பது கஷ்டம்.

சாகிச்சியும் அவர் மகன் கீச்சிரோவும் 1924இல், தைஷோ 13இல், முடித்துக் கொண்டுவந்த ஜி வகைத் தறி இந்த இரண்டையும் தீர்த்தது. ஒவ்வொரு பாவு நூலிலும் ஒரு மெல்லிய தகடு தொங்கும். நூல் அறுந்தால் தகடு விழும், தறி நின்றுவிடும். தார் தீரும்போது ஓட்டம் குறையாமலே புது நாடா உள்ளே வரும், பழையது வெளியேறும். ஒரே பெண் முப்பது தறிக்கு மேல் பார்க்க முடிந்தது. 1929 டிசம்பரில் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி இந்தக் காப்புரிமைக்கு 1 லட்சம் பவுண்டு தர ஒப்புக்கொண்டது. ஜப்பானுக்கு ஜவுளி இயந்திரம் விற்றுவந்த கம்பெனி, அதே ஜப்பானிடம் காப்புரிமை வாங்கியது! அந்தப் பணத்தில்தான் டொயோட்டா கார் பிறந்தது என்று சொல்வது கொஞ்சம் மெருகேற்றிய கதை. தறிக் கம்பெனிக்குள் கார்ப் பிரிவு வந்தது 1933இல், தனிக் கம்பெனி ஆனது 1937இல், இரண்டுக்கும் தறி வியாபாரமே அடித்தளம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

ஆலைகள் ஏன் திடீரென்று விலை கூடிய தானியங்கித் தறியை நாடின? இரவு வேலைத் தடை வரப்போகிறது என்று பல வருஷம் முன்பே தெரிந்துவிட்டது. இருபத்து நாலு மணி நேரம் ஓட்டிய கணக்கு இனி உதவாது. 1920இல் போர்க்கால லாபமும் சரிந்திருந்தது. மலிவான இரவுக் கூலியின் கதவு மூடப் போகிறது என்று உறுதியான பிறகே முதலாளிகள் நல்ல இயந்திரத்தைத் தேடினார்கள். தைஷோவிலிருந்து குமாரபாளையம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். கண்டுபிடிப்பு மட்டும் போதாது. அதை வாங்கியே ஆகவேண்டிய நெருக்கடியைச் சட்டம் உண்டாக்க வேண்டும்.

இங்கே அந்த நெருக்கடி வரவில்லை. மேட்டூர் அணை வேலை 1925இல் தொடங்கியது. அணையும் அதன் மின்சாரமும் 1930களில் வந்தன. காவிரிக் கரைக் கைத்தறிகளின் இடத்தைப் பின்னாளில் விசைத்தறிகள் பிடித்தன. ஆனால் அந்தத் தறிகளில் பெரும்பாலானவை சாதாரண நாடாத் தறிகள், பாவு அறுந்தால் தானாக நிற்காதவை. அவற்றில் பாவு நிறுத்தக் கருவி போன்றவற்றைப் பொருத்திக்கொள்ள மத்திய ஜவுளி அமைச்சகம் மானியம் கொடுக்கத் தொடங்கியது 2010களில். 2017இல் அது ‘பவர்டெக்ஸ் இந்தியா’ திட்டத்தின் கீழ் வந்தது. பொதுப் பிரிவினருக்குச் செலவில் பாதி. அதாவது, தைஷோ 13இல் தறியிலேயே இருந்த வசதியைத் தொண்ணூறு வருஷம் கழித்து ஒட்டுப் போட மானியம். தமிழக அரசு தன் பங்குக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் தருகிறது. அது பட்டறைகளைப் பிழைக்க வைக்கிறது, மறுப்பதற்கில்லை. பழைய தறியையும் சேர்த்தே பிழைக்க வைக்கிறது. இன்று வட மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் இரவு ஷிப்டில் அந்தத் தறிகளுக்கு நடுவே நிற்கிறார்கள்.

திரும்பி வந்த கதவு

ஹோசோயின் புத்தகத்தைப் படிக்கும் மேற்குத் தமிழ்நாட்டு வாசகருக்குப் பக்கத்துக்குப் பக்கம் தெரிந்த முகங்கள் வரும். சுமங்கலித் திட்டம், கேம்ப் கூலி. தென் மாவட்டத்துக் கிராமங்களில் புரோக்கர், மூன்று வருஷ ஒப்பந்தம், முடிவில் கல்யாணச் செலவுக்கென 30,000 முதல் 50,000 ரூபாய், நடுவில் விட்டுப்போனால் கைக்கு வராத பணம், ஆலை வளாகத்துக்குள்ளேயே விடுதி, செல்போனுக்குக் கட்டுப்பாடு. ஈரோடு, திருப்பூர், கோவை, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் 1990களிலிருந்து பரவிய இந்த முறையைப் பற்றி 2011இல் நெதர்லாந்தின் சோமோ ஆய்வு நிறுவனம் அறிக்கை வெளியிட்ட பிறகுதான் ஐரோப்பியத் துணிக்கடைகள் விழித்துக்கொண்டன. தமிழக அரசு 2008இலேயே பயிற்சிப் பெண்களுக்கு ஒரு நாளுக்கு 110 ரூபாய் குறைந்தபட்சக் கூலி என்று அறிவித்திருந்தது. ஆலை முதலாளிகள் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள்.

இரவு வேலையில் நாம் எதிர்த்திசையில் போனோம். தொழிற்சாலைச் சட்டம் 1948 பெண்களை இரவில் வேலை வாங்கக் கூடாது என்றது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரண் என்று நீக்கியது. வேலையில் பெண்ணுக்குத் தனித் தடை கூடாது என்பது நீதிமன்றத்தின் நியாயம், அதில் நியாயம் இருக்கிறது. கூடவே போக்குவரத்து, பாதுகாப்பு, ஓய்வறை, பாலியல் தொல்லைத் தடுப்பு என்று நிபந்தனைகளையும் விதித்தது. ஜப்பான் 1929இல் மூடிய கதவை இங்கே நிபந்தனையோடு திறந்தார்கள். பல இடங்களில் கதவு திறந்தது, நிபந்தனை வாசலிலேயே நின்றுவிட்டது.

ஜப்பானிய ஆலைப் பெண்கள் காத்திருக்கவில்லை. 1927இல் தோக்கியோவின் கமெய்தோ பகுதி ஆலையொன்றில் அவர்கள் போராடி வென்ற கோரிக்கை, கூலி உயர்வைவிட எளியது: விடுதியை விட்டு வெளியே போய்வரும் உரிமை.

தமிழ்நாட்டில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பதிவு பெற்ற ஆலை விடுதிகள் எவை, கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது, அங்கிருக்கும் பெண்கள் வாரத்தில் எத்தனை முறை தனியாக வெளியே போய்வர முடிகிறது என்ற விவரத்தை நாமக்கல், ஈரோடு, திருப்பூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். கேட்க வேண்டியவர்கள் நாம்தான். தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய் போதும்.